கையசைத்த கிளார்க்... கணக்கைத் தீர்த்த ரேவன்! - எதிரணியை மேட்சுக்கு முன்பே ‘படிப்பது’ எப்படி?

2023 மார்ச் 31. அமெரிக்காவின் டல்லாஸ் நகரம். கல்லூரி மகளிர் பாஸ்கெட்பால் அரையிறுதி. ஒரு பக்கம், அந்த சீசனில் ஆடிய 36 மேட்ச்களிலும் ஜெயித்து வந்த சவுத் கரோலினா. இன்னொரு பக்கம், அயோவா.

சவுத் கரோலினாவின் ரேவன் ஜான்சன், மூன்று பாயின்ட் கோட்டுக்கு வெளியே பந்தோடு நிற்கிறார். அவரைத் தடுக்க வேண்டியவர் அயோவாவின் சூப்பர் ஸ்டார் கெய்ட்லின் கிளார்க். ஆனால் கிளார்க் பக்கத்திலேயே போகவில்லை. ரொம்ப தூரம் தள்ளி நின்றுகொண்டு, ‘நீ எறிந்தாலும் எனக்குக் கவலையில்லை’ என்பதுபோலக் கையை ஒரு வீசு வீசிவிட்டுத் திரும்பிக்கொள்கிறார்.

சில நொடிகள்தான். ஆனால் அந்த க்ளிப் உலகம் முழுக்கச் சுற்றியது. மீம்ஸ் ஆனது. ‘என்னா திமிரு’ என்றார்கள் சிலர். ‘செம கெத்து’ என்றார்கள் சிலர்.

உண்மையில் அந்தக் கையசைப்புக்குப் பின்னால் இருந்தது திமிர் மட்டுமல்ல, ஹோம்வொர்க். மேட்சுக்கு முன்பே அயோவாவின் கோச்கள் வீடியோ பார்த்து, கணக்குப் போட்டு எடுத்த ஒரு முடிவு அது. இதற்குப் பெயர்தான் ‘ஸ்கவுட்டிங்’.

எதிரணியின் முக்கிய ஆட்டக்காரர்களை மேட்சுக்கு முன்பே எப்படிப் படிக்கிறார்கள்? அதில் எங்கே ஜெயிக்கிறார்கள், எங்கே சறுக்குகிறார்கள்? கிளார்க் - ரேவன் கதை வழியாகவே பார்க்கலாம், வாங்க!

உளவு பார்ப்பது இல்லை... உட்கார்ந்து பார்ப்பது!

ஸ்கவுட்டிங் என்றதும், கேலரியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருவர் ரகசியமாகக் குறிப்பெடுப்பது போல ஒரு காட்சி மனதில் ஓடலாம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் அது கிடையாது. அங்கே கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிப்படி, அதே சீசனில் மோதப்போகும் எதிரணியின் ஆட்டத்தை வெளியூருக்கு நேரில் போய் ஸ்கவுட் செய்யக் கூடாது. ஒரே அரங்கில் நடக்கும் தொடர் போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு.

ஸோ, எல்லாமே வீடியோதான். பெரும்பாலான அணிகளில் ஹெட் கோச்சுக்குக் கீழே சில அசிஸ்டன்ட் கோச்கள் இருப்பார்கள். சீசன் மேட்ச்களை அவர்கள் பங்கு பிரித்துக்கொள்வார்கள். ‘இந்த டீம் உன்னோடது, அந்த டீம் என்னோடது’ என்று. தன் பங்குக்கு வந்த அணியின் சமீபத்திய மேட்ச்களை அந்த அசிஸ்டன்ட் திரும்பத் திரும்பப் பார்ப்பார்.

‘சினெர்ஜி’ போன்ற வீடியோ சேவைகள் வந்த பிறகு இந்த வேலை கொஞ்சம் சுலபம். ஒவ்வோர் ஆட்டமும் துண்டு துண்டாக வெட்டப்பட்டு, யார் எறிந்தார், எந்தப் பக்கம் போனார், பந்து விழுந்ததா என்று வகை பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு ஆட்டக்காரர் இடது பக்கம் டிரிபிள் செய்து எறிந்த ஷாட்களை மட்டும் வரிசையாக ஓடவிட்டுப் பார்க்கலாம். ரீல்ஸ் பார்ப்பது மாதிரிதான். ஆனால் எல்லா ரீலிலும் ஒரே ஆள்!

நாக் அவுட் கட்டம் வந்துவிட்டால் நேரமே இருக்காது. மகளிர் தொடரில் அரையிறுதி வெள்ளிக்கிழமை, இறுதிப்போட்டி ஞாயிற்றுக்கிழமை. யார் ஜெயிப்பார்கள் என்று தெரிவதற்கு முன்பே, வரக்கூடிய இரண்டு எதிரணிகளுக்கும் ரிப்போர்ட் தயாராக இருக்க வேண்டும். அதில் ஒன்று நேராகக் குப்பைக்குத்தான் போகும்!

‘எத்தனை பாயின்ட்’ என்று மட்டும் பார்க்காதீங்க!

எதிரணியில் யார் முக்கியமான ஆள்? ‘அதிக பாயின்ட் எடுப்பவர்’ என்று சட்டென்று சொல்லத் தோன்றும். கிரிக்கெட்டில் ரன் மட்டும் போதாது, ஸ்ட்ரைக் ரேட்டும் பார்ப்போம் இல்லையா... அதே கதைதான் இங்கேயும்.

இரண்டு பேர் தலா 10 ஷாட் எறிகிறார்கள். இருவருக்கும் நான்கு விழுகிறது. முதல் ஆள் எறிந்தது எல்லாம் இரண்டு பாயின்ட் ஷாட். மொத்தம் 8. இரண்டாவது ஆள் எறிந்தது எல்லாம் மூன்று பாயின்ட் ஷாட். மொத்தம் 12. சாதாரணக் கணக்கில் இருவருமே 40 சதவிகிதம்தான். ஆனால் மூன்று பாயின்ட்டுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்துக் கணக்கிட்டால், இரண்டாவது ஆள் 60 சதவிகிதத்துக்குச் சமம். கோச்கள் பார்ப்பது இந்த இரண்டாவது கணக்கைத்தான்.

இன்னொரு பக்கம், பாயின்ட்டே எடுக்காமல் ஆட்டத்தை ஓட்டும் ஆட்களும் உண்டு. பாஸ் கொடுப்பவர், ரீபவுண்டை அள்ளுபவர், எதிரணியை ஃபவுல் செய்யவைத்து ஃப்ரீ த்ரோ வாங்குபவர். கடைசி இரண்டு நிமிடத்தில் பந்து யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். ஸ்கோர் ஷீட் சொல்லாததை அது சொல்லிவிடும்.

கூடவே ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒருவர் கடைசி மேட்சில் ஆறு எறிந்து மூன்று போட்டார் என்றால், ‘50 சதவிகித ஷூட்டர்’ என்று பயந்துவிடக் கூடாது. ஒரு மேட்ச் என்பது ஒரு நாள் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். சீசன் முழுக்க 180 எறிந்து 60 போட்டிருந்தால், அந்த நம்பரை நம்பலாம்.

ஓர் ஆளுக்கு மூன்றே வரி!

மணிக்கணக்கில் வீடியோ பார்த்தாலும், ஆட்டக்காரர்கள் கைக்குப் போவது சின்ன விஷயம்தான். ஏன் தெரியுமா? கல்லூரி பாஸ்கெட்பாலில் பந்து கையில் கிடைத்து 30 நொடிக்குள் ஷாட் எறிந்தாக வேண்டும். அந்த வேகத்தில் இருபது பக்க ரிப்போர்ட் யாருக்கும் ஞாபகம் வராது. தலையில் தங்குவது இரண்டு மூன்று வரிதான்.

ஒரு கற்பனை கார்டு எப்படி இருக்கும் என்று பாருங்கள்:

*எண் 12. இடது கை. வலது பக்கம் தள்ளினால் கூடை வரை போக மாட்டார், நடுவிலேயே நின்று எறிவார். பந்தை வாங்கியதும் எறிந்தால் ஆபத்து. டிரிபிள் செய்ய வைத்தால் பாதி ஆள்.*

அவ்வளவுதான். ‘நல்ல பிளேயர், ஜாக்கிரதை’ என்று எழுதினால் அதில் பிரயோஜனமே இல்லை. தடுப்பவர் எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கத்தை மூட வேண்டும், எவ்வளவு நெருங்க வேண்டும் என்று ஒவ்வொரு வரியும் ஒரு வேலையைச் சொல்ல வேண்டும்.

எழுதினால் போதாது, உடம்புக்கும் பழக வேண்டும். அதற்குத்தான் ‘ஸ்கவுட் டீம்’. பயிற்சியில் சிலர் எதிரணி மாதிரியே ஆடிக் காட்டுவார்கள். ‘இன்னைக்கு நீதான் எண் 12’ என்று ஒருவருக்கு வேஷம் கொடுக்கப்படும். அமெரிக்காவின் மகளிர் கல்லூரி அணிகள் பலவற்றில் இந்த வேலைக்கு அதே கல்லூரியின் ஆண் மாணவர்கள் வருவார்கள். மேட்ச் நாளில் பெஞ்சில்கூட இடமில்லாத இவர்கள்தான், வாரம் முழுக்க எதிரணி ஸ்டாராக வாழ்பவர்கள்.

யாரைத் தடுப்பது இல்லை... யாரை விடுவது?

ஸ்கவுட்டிங்கின் உண்மையான கஷ்டம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. களத்தில் நம் ஆள் ஐந்து பேர்தான். எதிரணியின் பலசாலி ஒருவர்மேல் இரண்டு பேரைப் போட்டால், வேறு யாரோ ஒருவர் தனியாக நிற்பார். ஸோ, ‘யாரைத் தடுக்க வேண்டும்’ என்ற கேள்விக்குப் பின்னால் எப்போதும் இன்னொரு கேள்வி ஒட்டிக்கொண்டே வரும். ‘யாரை விட்டுவிடலாம்?’

இப்போது டல்லாஸுக்குத் திரும்புவோம். சவுத் கரோலினாவின் பலம், கூடைக்கு அடியில் நிற்கும் உயரமான ஆட்டக்காரர்கள். ஆலியா பாஸ்டன், கமிலா கர்டோசோ இருவரும் மலை மாதிரி. வெளியே இருந்து எறிவது அந்த அணியின் பலவீனம். அயோவா கோச் லிசா புளூடரின் அணி, உள்ளே கூட்டமாக நின்று கூடையை அடைத்துக்கொண்டது. வெளியே எறிகிறீர்களா... தாராளமாக எறியுங்கள்!

இதற்குப் பின்னால் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. உதாரணத்துக்கு, கூடைக்கு அடியில் எறிந்தால் 60 சதவிகிதம் விழும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஷாட்டுக்குச் சராசரி 1.2 பாயின்ட். வெளியே இருந்து மூன்று பாயின்ட் ஷாட் 25 சதவிகிதம்தான் விழும் என்றால், ஒரு ஷாட்டுக்கு 0.75 பாயின்ட். இருபது ஷாட்களை உள்ளேயிருந்து வெளியே தள்ளிவிட்டால், எதிரணிக்கு ஒன்பது பாயின்ட் நஷ்டம். மேட்ச் முடிவையே மாற்றும் வித்தியாசம் அது.

அன்று நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான். சவுத் கரோலினா எறிந்த 20 மூன்று பாயின்ட் ஷாட்களில் விழுந்தது நான்கு. ஆலியா பாஸ்டன் எடுத்தது 8 பாயின்ட் மட்டும். கிளார்க் 41. அயோவா 77-73 என ஜெயித்தது. தொடர்ச்சியாக 42 மேட்ச் ஜெயித்திருந்த சவுத் கரோலினாவின் ஓட்டம் அங்கே நின்றது.

பூஜ்ஜியம் எடுத்தவர் ஜெயித்த கதை!

சரி, அப்படியென்றால் ஸ்டாரை மட்டும் முழுசாக முடக்கிவிட்டால் போதுமா? அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

2008 நவம்பர் 25. அப்போது டேவிட்சன் கல்லூரிக்கு ஆடிக்கொண்டிருந்தார் ஸ்டீபன் கர்ரி. ஆமாம், அதே கர்ரிதான்! எதிரே மேரிலாந்தின் லயோலா அணி. அதன் கோச் ஜிம்மி பாட்சோஸ் எடுத்த முடிவு, கர்ரி எங்கே போனாலும் இரண்டு பேர் கூடவே போக வேண்டும். பந்து அவரிடம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

கர்ரி என்ன செய்தார்? பெரும்பாலான நேரம் ஓர் ஓரமாகப் போய் நின்றுகொண்டார். அவரோடு அந்த இரண்டு பேரும் நின்றார்கள். மீதிக் களத்தில் டேவிட்சனுக்கு நான்கு பேர், லயோலாவுக்கு மூன்று பேர். மேட்ச் முழுக்க கர்ரி எறிந்தது மூன்றே ஷாட். எடுத்த பாயின்ட் பூஜ்ஜியம். டேவிட்சன் 78-48 என ஜெயித்தது. 30 பாயின்ட் வித்தியாசம்!

லயோலா, கர்ரியைச் சரியாகத்தான் படித்திருந்தது. கர்ரிக்குப் பக்கத்தில் ஆடும் நான்கு பேரைத்தான் மறந்துவிட்டது.

ஒரே வாரம், ஒரே ஆள், மூன்று பிளான்!

2024 தொடரில் இதே பரீட்சை கிளார்க்கின் எதிரணிகளுக்கு வந்தது. அந்த சீசனில் ஆண்கள், பெண்கள் இரு பிரிவையும் சேர்த்து, என்.சி.ஏ.ஏ. முதல் டிவிஷன் வரலாற்றிலேயே அதிக பாயின்ட் எடுத்தவர் ஆகியிருந்தார் கிளார்க். பீட் மாராவிச் வைத்திருந்த 3,667 பாயின்ட் சாதனையைத் தாண்டியவர். இப்படி ஒருவரை எப்படித் தடுப்பது?

ஏப்ரல் 1, எல்.எஸ்.யூ. அணி: பெரும்பாலும் ஒருவருக்கு ஒருவர் என்று விட்டது. ஹெய்லி வான் லித் தனியாக அவரைத் துரத்தினார். கிளார்க் ஒன்பது மூன்று பாயின்ட் ஷாட்களோடு 41 பாயின்ட் எடுத்தார். அயோவா 94-87 என வென்றது.

ஏப்ரல் 5, யூகான் அணி: நிகா முல் நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டார். கிளார்க் 21 பாயின்ட்டில் அடங்கினார். பிளான் பலித்தது. ஆனால் மேட்ச் கிடைக்கவில்லை. அயோவாவின் ஹன்னா ஸ்டுவெல்கி 23 எடுக்க, 71-69 என அயோவா ஜெயித்தது. கர்ரி கதையின் இன்னொரு வடிவம்!

ஏப்ரல் 7, இறுதிப்போட்டி. எதிரே யார் தெரியுமா? மறுபடியும் சவுத் கரோலினா. அந்த அணியில், மறுபடியும் ரேவன் ஜான்சன்.

அந்த ஒரு வருஷம்

ரேவன் சாதாரண ஆள் இல்லை. பள்ளி முடித்தபோது நாட்டிலேயே மிகவும் எதிர்பார்க்கப்பட்ட ஆட்டக்காரர்களில் ஒருவர். கல்லூரியின் முதல் சீசனை முழங்கால் காயத்தால் இழந்தவர். மீண்டு வந்து ஆடிய முதல் முழு சீசனின் முடிவில்தான் அந்தக் கையசைப்பு.

யோசித்துப் பாருங்கள். உங்களைப் பற்றி எதிரணி எழுதிவைத்திருக்கும் அந்த ஒரு வரி, ‘இவரை விட்டுவிடலாம்’. வழக்கமாக அது எதிரணி அறையின் போர்டில் எழுதப்பட்டு, மேட்ச் முடிந்ததும் அழிக்கப்பட்டுவிடும். உங்களுக்குத் தெரியவே தெரியாது. ரேவனுக்கு அது உலகமே பார்க்கும் வீடியோவாக வந்தது. போனைத் திறந்தால் அதே க்ளிப். பாஸ்கெட்பாலையே விட்டுவிடலாம் என்று தோன்றியதாக, பிறகு அவரே சொன்னார்.

விடவில்லை. அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஜிம்முக்குப் போனார். வெளியே இருந்து எறிந்து எறிந்து பழகினார். ஒருவகையில், அயோவா எழுதிய ரிப்போர்ட்டையே தன்னுடைய பயிற்சி அட்டவணையாக மாற்றிக்கொண்டார். அடுத்த சீசனில் அவருடைய மூன்று பாயின்ட் சதவிகிதம் நன்றாகவே ஏறியது. அவர் மட்டுமல்ல, டான் ஸ்டேலியின் மொத்த அணியும் வெளியே இருந்து எறிவதில் நாட்டின் சிறந்த அணிகளில் ஒன்றாக மாறியிருந்தது.

முன்பு போட்ட கணக்கை இப்போது மறுபடி போடுங்கள். 25 சதவிகிதம் 35 ஆனால், ஒரு ஷாட்டுக்கு 1.05 பாயின்ட். ‘விட்டுவிடலாம்’ என்ற வார்த்தைக்கு இனி அர்த்தமே இல்லை.

இறுதிப்போட்டியின் முதல் குவார்ட்டரில் கிளார்க் மட்டும் 18 பாயின்ட் எடுத்தார். அயோவா 27-20 என முன்னிலை. அதன் பிறகு மிச்ச மூன்று குவார்ட்டர்களிலும் சேர்த்து அவரால் எடுக்க முடிந்தது 12. அவரை விரட்டிக்கொண்டிருந்தவர்களில் முக்கியமானவர் ரேவன். இடைவேளைக்குச் சற்று முன், கிளார்க்கின் கையிலிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு ஓடி ஒரு கூடையும் போட்டார்.

அயோவாவின் ரிப்போர்ட் கவனித்திருக்க வேண்டிய இன்னோர் இடமும் அன்று தெரிந்தது. சவுத் கரோலினாவின் பெஞ்ச்! மாற்று ஆட்டக்காரராக வந்த முதலாம் ஆண்டு மாணவி டெஸ்ஸா ஜான்சன் 19 பாயின்ட் எடுத்தார். பெஞ்சில் இருந்து வந்தவர்கள் எடுத்த பாயின்ட், சவுத் கரோலினாவுக்கு 37, அயோவாவுக்குப் பூஜ்ஜியம். சவுத் கரோலினா 87-75 என வென்றது. 38 மேட்ச், 38 வெற்றி. கோப்பை மேடையில் ஸ்டேலி, மகளிர் பாஸ்கெட்பாலை உயர்த்தியதற்காக கிளார்க்குக்கு நன்றி சொன்னார்.

உங்க டீமுக்கும் ஒரு ரிப்போர்ட்!

காலேஜ் டீமோ, ஏரியா டீமோ... அடுத்த மேட்சுக்கு முன்பு உங்களால் இதைச் செய்ய முடியும். ஒரு போனும் ஒரு நண்பரும் போதும்.

* எதிரணியின் ஒரு மேட்ச் வீடியோ கிடைத்தால் இரண்டு முறை பாருங்கள். முதல் முறை பந்தை, இரண்டாவது முறை ஆளை. பந்து இல்லாதபோது அவர் எங்கே போகிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

* மூன்று பேரை மட்டும் தேர்ந்தெடுங்கள். பந்தை ஓட்டுபவர், அதிகமாக எறிபவர், ரீபவுண்டை அள்ளுபவர். ஆளுக்கு மூன்று வரி.

* எந்தக் கை, எந்தப் பக்கம், நின்று எறிவாரா, ஓடி எறிவாரா... இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். ‘சூப்பரா ஆடுவான்’ என்று எழுதாதீர்கள்.

* அவர் சோர்ந்துபோகும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிக் குவார்ட்டரில் ஷாட் குட்டையாக விழுகிறதா? இரண்டு ஃபவுல் ஆனதும் பயந்து ஆடுகிறாரா?

* ‘யாரை விடப்போகிறோம்’ என்பதை வெளிப்படையாகப் பேசி முடிவெடுங்கள். அந்த ஆள் வரிசையாக இரண்டு கூடை போட்டுவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்பே பேசிவையுங்கள். இல்லையென்றால் களத்தில் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வீர்கள்.

* கடைசியாக, உங்களையே ஒருமுறை ஸ்கவுட் செய்யுங்கள். உங்கள் மேட்ச் வீடியோவை எதிரணி கோச்சின் கண்ணால் பாருங்கள். உங்களைப் பற்றி அவர் எழுதும் மூன்று வரி என்னவாக இருக்கும்?

அந்த வரியைப் படித்தால் கொஞ்சம் வலிக்கும். பரவாயில்லை. ஸ்கவுட்டிங் ரிப்போர்ட்டில் இருப்பது எல்லாமே நேற்று வரைக்குமான நீங்கள்தான். நாளைக்கு அதே டீம் மறுபடி எதிரே வரும்போது, அந்த வரி பொய்யாகியிருக்கிறதா என்பதை முடிவு செய்வது உங்கள் கையில் இருக்கும் பந்துதான்!